ஒரு நாளுக்குள் அடங்காத அக்கா

அக்கா காலைச் சாப்பாடு சாப்பிடுவது என் ஸ்கூட்டரின் பின்சீட்டில்தான். தென்காசியில் ஏறியதும் டிபன் டப்பா திறக்கும். குற்றாலம் வருவதற்குள் காலியாகிவிடும். ஒரு கையில் இட்லி, இன்னொரு கையில் போன், மடியில் டேப்லெட். போனில் யாரையாவது அதட்டிக்கொண்டேதான் மெல்லுவார். மிளகாய்ப்பொடி எண்ணெய் படாத சுடிதார் என்று அந்த சீசன் முடியும்போது என்னிடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

“எக்கா, கொஞ்சம் முந்தி எந்திச்சு வீட்லயே தின்னுட்டு வந்தா என்ன?” என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

“தின்னுட்டு வந்தா ரோட்டுல என்னத்த செய்ய? ஒன் முதுகையா பாத்துட்டு வர?”

வண்டியை ஓட்டினேன்.

என்னை அவர் வேலைக்கு எடுத்ததே அந்த ஸ்கூட்டருக்காகத்தான். பி.காம். முடித்திருந்தேன். அம்மா மாப்பிள்ளை பார்க்கிற வேகத்துக்குப் பயந்து, எந்த வேலை கிடைத்தாலும் சரி என்று அலைந்துகொண்டிருந்தேன். இன்டர்வியூ என்று தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னார். சர்டிபிகேட்டுகளை எல்லாம் ஃபைலில் அடுக்கிக்கொண்டு போனால், அவர் ஃபைலைத் தொடக்கூட இல்லை. “வண்டி ஓட்டுவியா? ஓட்டிக்கிட்டே நான் சொல்லுதத கேட்டுக்கிடுவியா?” என்றார். தலையாட்டினேன். பின்னால் ஏறிக்கொண்டார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

அந்தப் பின்சீட்டைத் தவிர வேறெங்கும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீயை நின்றுகொண்டே குடிப்பார். வீட்டுக்குப் போனால், கணவரின் காக்கிச் சட்டையைத் தேய்த்தபடி சென்னைக்கு அனுப்ப வேண்டிய மெயிலை வாயால் சொல்வார், நான் அடிக்க வேண்டும். கணவர் போலீஸ். சீசனில் அவருக்கு அருவிக்கரையில் டியூட்டி. நாள் முழுக்க விசில் ஊதிவிட்டு வந்து நாற்காலியில் சாய்வார் பாவம். “என்ன செஞ்சீங்க இன்னைக்கு? விசில் ஊதும்போது வேற என்ன செஞ்சீங்க?” என்று அக்கா ஆரம்பிப்பார். “நான் ஸ்டேஷன்ல அக்யூஸ்ட்ட கூட இப்படிக் கேக்கமாட்டேன்” என்று அவர் என்னைப் பார்த்துச் சொல்வார். சிரிப்பை அடக்குவது கஷ்டம்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அக்காவைக் கோட்டிக்காரி என்று நினைத்துவிடுவீர்கள். பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள்.

சென்னையில் ஒரு ஆய்வு மையம், அதற்கு இங்கே தகவல் சேகரிக்கிறவர் அக்கா. பெண்களின் வேலை, பிள்ளைப்பேறு, உடல்நலம், சொந்தத் தொழில், இவையெல்லாம் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து இழுக்கின்றன என்று பார்க்கிற பொருளாதார ஆய்வு. எங்கள் பக்கத்தில் அதற்குக் குற்றால சீசனில் கடை போடுகிற பெண்களை எடுத்திருந்தார்கள். சிப்ஸ் கடை, மங்குஸ்தான் கடை, துண்டு விற்கிறவர்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண்ணால் எவ்வளவு தொழில் செய்ய முடியும் என்பதுதான் முக்கியமான கேள்வி. ஆய்வு முடிந்ததும் ஒரு அறக்கட்டளை இந்தப் பெண்களுக்கு வாழைக்காய் சீவுகிற மெஷினும் நிரந்தரமாகக் கடை வைக்க உதவியும் தருவதாக இருந்தது. யாருக்கு முதலில் என்பதை எங்கள் ரிப்போர்ட்டை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அதனால் எங்களுக்கு அது விளையாட்டு வேலை இல்லை.

வேலை செய்கிற முறை இப்படி. நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து படுத்தது வரை என்னென்ன செய்தீர்கள் என்று அரைமணி அரைமணியாகக் கேட்க வேண்டும். டேப்லெட்டில் அரைமணிக்கு ஒரு கட்டம். ஒரு கட்டத்தில் ஒரு வேலைதான் பதியலாம். கேட்பதற்கு எளிது. நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் சள்ளை.

முதல் நாள் இசக்கி கடைக்குப் போனோம். ஐந்தருவி போகிற ரோட்டில் தார்ப்பாய் கட்டிய சிப்ஸ் கடை. இசக்கிக்கு என் வயதுதான் இருக்கும். நேந்திரங்காயை நேராகக் கொதிக்கிற எண்ணெயிலேயே சீவி விட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் மூங்கிலில் சேலைத் தொட்டில், உள்ளே கைக்குழந்தை. தொட்டிலிலிருந்து ஒரு கயிறு இறங்கி வந்து அவளுடைய கால் பெருவிரலில் முடிந்திருந்தது. கை சீவிக்கொண்டிருந்தது, கால் ஆட்டிக்கொண்டிருந்தது. நேற்றும் இதே வேலைதான் என்றாள். நான் “சிப்ஸ் போடுதல்” என்று பதிந்துவிட்டு அடுத்த அரைமணிக்குப் போனேன்.

அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். “அந்தக் கால் என்ன செய்யுது?”

“எந்தக் கால் டீச்சர்?” என்றாள் இசக்கி. ஃபைலோடு வருகிற பெண் யாராக இருந்தாலும் அங்கே டீச்சர்தான்.

“உன் வலது கால்.”

இசக்கி குனிந்து தன் காலைப் பார்த்தாள். யாரோ ஒருத்தியின் காலைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “அதுவா? அது பாட்டுக்கு ஆட்டிக்கிட்டு கெடக்கு. அதெல்லாமா எழுதுவிய?”

“எழுதுட்டி” என்றார் அக்கா என்னிடம்.

“கட்டம் ஒண்ணுதான் எக்கா இருக்கு.”

உடனே அங்கேயே சென்னைக்குப் போன். எண்ணெய் இரைச்சல், அருவி இரைச்சல், சாரல் வேறு. ஆய்வுக்குத் தலைவர் ஒரு பேராசிரியர், நாங்கள் சார் என்போம். தங்கமான மனிதர், யாரையும் அதிர்ந்து பேசமாட்டார். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பதிய வேண்டும், உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள் என்று அவர் பொறுமையாக விளக்கினார். “சார், உலகம் முழுக்க எப்படியும் இருக்கட்டும். இங்கன ஒருத்தி காலால பிள்ளை வளக்குதா, கையால யாவாரம் பாக்குதா. ரெண்டுல எத நான் அழிக்க?” என்று அக்கா கத்தினார். பக்கத்துக் கடையில் மங்குஸ்தான் வாங்க வந்த மலையாளிக் குடும்பம் ஒன்று வாங்குவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. ஆனால் அடுத்த வாரமே டேப்லெட்டில் இரண்டாவது கட்டம் வந்துவிட்டது. அதற்குத் தலைப்பு “கூடவே”.

அதன் பிறகு அக்காவுக்கு வேறு பேச்சே இல்லை. பால் காய்ச்சினீங்களா, சரி, கூடவே? பஸ்ஸில் வந்தீங்களா, கூடவே? வெங்காயம் உரித்தபடி பெரிய பிள்ளைக்கு வாய்ப்பாடு ஒப்புவிக்க வைத்தது, மாமனாருக்கு மருந்து எடுத்துக் கொடுத்தபடி கடன்காரனுக்குப் போனில் பதில் சொன்னது, எல்லாம் வெளியே வரும். “ஏ, கூடவே டீச்சர் வாராவ” என்று கடைக்குக் கடை சத்தம் கொடுப்பார்கள். சிலர் எங்களைக் கண்டதும் அவசரமாக வியாபாரம் பார்க்கிற மாதிரி நடித்ததும் உண்டு.

எல்லோரும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள் என்று நினைக்க வேண்டாம். பேரருவிப் பக்கம் துண்டு விற்கிற ஒரு பெண், முதலில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாவது கட்டம் நிரம்ப நிரம்பக் குரல் இறங்கியது. மத்தியானத்தைத் தாண்டுவதற்குள் துண்டுக் கட்டைத் தரையில் போட்டுவிட்டாள். “போதும். இப்படி ஒண்ணொண்ணா எடுத்து என் முன்னால வச்சியன்னா நாளைக்கு நான் எப்படி எந்திப்பேன்? தெரியாம இருந்தாத்தான் செய்ய முடியும். போங்க ரெண்டு பேரும்.”

திரும்பி வரும்போது வண்டியில் அக்காவோடு சண்டை போட்டேன். “நமக்கு என்னக்கா அருகதை இருக்கு? கேட்டுட்டு நாம வண்டியேறிப் போயிருவோம். அவ கெடந்து அழணும்.”

தென்காசி ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தியதும் அக்கா சொன்னார். “கேக்காம விட்டா அவ செய்யுததெல்லாம் இல்லாமலே போயிரும்ட்டி. எழுதினாத்தான் மெஷினு கிடைக்கும். எனக்கும்தான் வயித்தெரிச்சலா இருக்கு. என்ன செய்யச் சொல்லுத?” கேட் திறந்தது, போனை எடுத்துவிட்டார். அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் முழுசாகப் போகவே இல்லை. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

என்னைச் சதா “விரட்டுட்டி, விரட்டு” என்று முதுகில் தட்டுகிறவர், சாரல் பிடித்துக்கொண்ட சமயத்தில் ஒரு நாள் காலையில் “பைய போ” என்றார். சரி, போனில் முக்கியமாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். அடுத்த பள்ளத்தில் என் தோளை இறுக்கிப் பிடித்தார். டிபன் டப்பாவையும் திறக்கவில்லை. வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தேன். அவருக்குப் பொய் சொல்ல வராது.

“யார்ட்டயும் சொல்லிராத” என்றார்.

ஏற்கெனவே இரண்டு முறை உண்டாகித் தங்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். இரண்டு தடவையும் வேலை வேலை என்று அலைந்ததால்தான் என்று உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பேசியிருக்கிறார்கள். டாக்டர் அம்மா அப்படியெல்லாம் சொல்லவில்லை. வேலைக்குப் போகலாம், ஆனால் வண்டி கூடாது, மேடு ஏறக்கூடாது, ரத்தம் பட்டால் அந்த நிமிஷமே வந்து படுத்துவிட வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார்.

“சார்கிட்ட சொல்லி லீவு போடுங்களேன் எக்கா.”

“கான்ட்ராக்ட் ஆளுக்கு ஏதுட்டி லீவு? வந்தா வேலை, வராட்டி வேற ஆளு. சீசன் முடிஞ்சா கடையெல்லாம் பிரிச்சிட்டுப் போயிருவாங்க. இந்த வருஷம் விட்டா இந்த ஆராய்ச்சி அவ்வளவுதான். சாரல் எனக்காக நிக்கவா செய்யும்?” பிறகு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். “இதுவும் எனக்காக நிக்கணுமே.”

அடுத்த நாளிலிருந்து அவர் பஸ்ஸில் வந்தார். நான் காலி வண்டியோடு பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவேன். சொன்னால் சிரிப்பீர்கள், ஒவ்வொரு பள்ளத்திலும் பஸ் குதிக்கும்போது டிரைவர் அண்ணாச்சியை மனசுக்குள் வாயில் வந்தபடி திட்டுவேன். ராத்திரி படுத்தால் உறக்கம் வராது. இந்த அம்மாள் வீட்டில் கிடந்து தொலைந்தால் என்ன என்று கோபம் வரும், அப்படி அவர் கிடந்துவிட்டால் இந்தக் கட்டமெல்லாம் என்னாகும் என்று இன்னொரு பயம் வரும். அக்காவின் பரபரப்பு எனக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது.

இசக்கியின் கடைக்குப் போனதும் அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இசக்கியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“டீச்சர் உக்காந்துட்டாவ! எத்தன மாசம்?”

“நான்தான் உன்ன கேக்க வந்திருக்கேன், நீ என்ன கேக்காத” என்றார் அக்கா. ஆனால் முகம் சிவந்துவிட்டது. இசக்கி எண்ணெய்ப் புகை அடிக்காத பக்கமாக ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அன்றிலிருந்து நாங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் எங்களுக்கு முன்னால் ஒரு ஸ்டூல் காத்திருந்தது. யாரிடமும் சொல்லாதே என்றவருடைய ரகசியம் ஐந்தருவியிலிருந்து பேரருவி வரை தெரிந்திருந்தது. சென்னைக்கு மட்டும் தெரியாது.

சார் கள ஆய்வைப் பார்க்க வந்த நாள், அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. குடும்பத்தோடு குளிக்கலாம் என்று வந்தவர், குளிக்க முடியாமல் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே எங்களிடம் வந்துவிட்டார். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு உற்சாகமாக இருந்தார். இசக்கியிடம் சிப்ஸ் வாங்கித் தின்றார். அக்கா தார்ப்பாய்க்குப் பின்னால் போனவர் திரும்பி வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உதடு வெளுத்திருந்தது.

“பட்டிருக்குட்டி” என்றார்.

அந்த நேரம் பார்த்து சார், “வாங்கம்மா, மேல இருக்கிற கடைகளையும் பார்த்துட்டு வந்துடலாம்” என்று கூப்பிடுகிறார்.

“டீச்சர் வரமாட்டாவ. நீங்க போயிட்டு வாங்க சார்” என்று இசக்கி முந்திக்கொண்டாள். “அவியளுக்கு எண்ணெய்ப் புகை ஒத்துக்கிடல.”

அக்கா தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். “புகையெல்லாம் இல்ல சார். நான் உண்டாயிருக்கேன். ரெண்டு ஏற்கெனவே போயிட்டு. இப்ப ரத்தம் படுது. எனக்கு உங்க கார் வேணும்.” அவ்வளவு பேர் முன்னால், ஆம்பளைகள் நிற்கிற இடத்தில், ஒரு சொல்லைக்கூட விழுங்காமல் சொன்னார்.

சார் பதறிப்போய்விட்டார். அவரே காரின் கதவைத் திறந்து பிடித்தார், தன் மனைவியின் சால்வையை எடுத்து அக்காவுக்குப் போர்த்தினார். கார் கிளம்பும்போது ஜன்னலில் குனிந்து சொன்னார்: “நீங்க எதையும் யோசிக்கக் கூடாதும்மா. ப்ராஜெக்ட்டைப் பத்தின கவலையே வேண்டாம். நாங்க வேற ஆளை வச்சுப் பார்த்துக்கிறோம். உங்களுக்குக் குழந்தைதான் முக்கியம்.”

அக்கறையாகத்தான் சொன்னார். அந்த அக்கறையில் வேலை போயிற்று.

கார் இலஞ்சியைத் தாண்டும்போது அக்கா அழ ஆரம்பித்தார். நான் வலிக்கிறதோ என்று பயந்தேன். “வலியில்லட்டி. ஒருத்தன் திட்டி அனுப்பினா திருப்பித் திட்டலாம். இவரு நான் நல்லா இருக்கணும்னு அனுப்புதாரு. இவர என்ன செய்ய? எனக்குப் பிள்ளையும் வேணும், இதுவும் வேணும். ரெண்டும் வேணும்னு கேட்டா பேராசைங்காங்க.” சால்வையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு இசக்கியிடம் எந்த அரைமணியில் நின்றோம் என்று கேட்டார். ஆஸ்பத்திரி வாசல் வரை நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

குழந்தை தங்கியது. கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தி, அக்காவைப் படுக்கப் போட்டார்கள். வாசலில் அவருடைய அத்தை, அதாவது மாமியார், காவல். அந்த அம்மாளைக் குற்றம் சொல்லமாட்டேன். முன்னே போன இரண்டுக்கும் கோயில் கோயிலாகப் போய் அழுதவர் அவர். ஆனால் அக்காவைப் படுக்க வைப்பது என்பது சாதாரண விஷயமா? போர்வைக்குள்ளிருந்து எனக்கு வாய்ஸ் மெசேஜ் வரும். “அந்த மங்குஸ்தான் கடை அக்காகிட்ட மத்தியானம் போகாத, அப்ப அவ பிள்ளைக்குப் பால் கொடுப்பா.” ஐந்து நிமிஷம் கழித்து இன்னொன்று. ஒரு நாள் பாதிப் பேச்சில் அத்தையின் குரல் கேட்டது, “போனக் குடு ஏட்டி, கோட்டி புடிச்சவளே.” அதன் பிறகு போன் அத்தையின் இடுப்பிலேயே இருந்தது.

அக்காவுக்குப் பதிலாகச் சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்தார். நல்ல சுறுசுறுப்பு, மரியாதையான பிள்ளை. எங்களைவிட வேகமாகக் கடைகளை முடித்தார். ஆனால் அக்கா பதிந்த நாட்களைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ள மறுக்கிறது என்றார். இரண்டு கட்டத்தையும் கூட்டினால் ஒரு பெண்ணின் நாள் இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் போகிறது, திரையில் எல்லாம் சிவப்பாக வருகிறது என்றார். அது அப்படித்தான் தம்பி வரும் என்று நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டார். சாரிடம் பேசுகிறேன் என்றார். சீசன் முடிந்தது, கடைகளைப் பிரித்தார்கள், அவரும் ரயிலேறிவிட்டார்.

அக்காவுக்குப் பெண் பிறந்தது. சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அதுவும் பரபரப்பு பார்ட்டிதான் போல. கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. நானும் அக்காவின் வீட்டுக்காரரும் வராந்தாவில் மாறி மாறி நடந்தோம். அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. பிழைத்துக்கொண்டது, போதும்.

குழந்தை கையில் அகப்பட்டதை எல்லாம் பிடுங்குகிற வயதில் சார் வந்தார். கேரளத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாராம். கிலுகிலுப்பையும் அச்சடித்த ரிப்போர்ட்டும் கொண்டுவந்திருந்தார். நன்றி சொல்லும் பக்கத்தில் அக்காவின் பெயர்தான் முதலில். அத்தைக்கு ஒரே பெருமை, காபியில் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிட்டார். நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன்.

அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டினார். ஒரு பட்டியலில் விரல் நின்றது. முன்னே போனார், பின்னே வந்தார். என்னிடம் நீட்டினார். கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் தொழிலுக்கு மிகக் குறைந்த நேரமே கொடுக்கிறார்கள் என்று போட்டிருந்தது. அதனால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பெண்களுக்கே முதலில் மெஷின் தரலாம் என்று கீழே பரிந்துரை.

“இது எப்படி சார் வந்தது?”

சார் காபியை வைத்துவிட்டு விளக்கினார். ஒரு நாளை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. அதனால் இரண்டாவது கட்டத்தில் குழந்தை இருந்தால், அந்த அரைமணி முழுவதையும் குழந்தை வளர்ப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். “குழந்தை பக்கத்துல இருந்தா ஒரு தாயோட கவனம் அதுலதானேம்மா இருக்கும்? நாங்க தாய்மையை மதிச்சுத்தான் அப்படிச் செஞ்சோம்.”

நான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாதவள். “அப்ப இசக்கி நாள் முழுக்கத் தொட்டில் ஆட்டினாளா சார்? அந்தச் சிப்ஸ யாரு போட்டா? நீங்க தின்னீங்களே, அது தானா பொரிஞ்சுதா?”

“ஏட்டி, சும்மா இரு” என்று அத்தை என்னை அதட்டினார்.

அக்கா கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கிட்டே போய், இடுப்பிலிருந்த குழந்தையை சாரின் மடியில் வைத்தார். அவர் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டார். பிறகு ரிப்போர்ட்டை என்னிடமிருந்து வாங்கி அந்தப் பக்கத்தில் விரித்து அவருடைய இன்னொரு கையில் கொடுத்தார். “இந்தப் பக்கத்தைச் சத்தமா வாசிங்க சார். நான் கேக்கணும்.”

சார் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். முதல் வரி முடிவதற்குள் குழந்தை கண்ணாடியைப் பிடுங்கியது. அதை மீட்டு மாட்டிக்கொண்டு விட்ட இடத்தைத் தேடினார். குழந்தை காகிதத்தை வாய்க்கு இழுத்தது. நழுவியதை முழங்கையால் அணைத்துப் பிடித்தார். கால் தன்னால் ஆடத் தொடங்கியது. “கொஞ்சம் வாங்கிக்கோங்கம்மா, முடிச்சிட்டுத் தரேன்” என்றார்.

“வாங்க மாட்டேன் சார். அப்படியே வாசிங்க.”

அத்தை பதறி எழுந்தார். எனக்கும் கை பரபரத்தது. அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் இரண்டு பேரும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டோம். சாரும் லேசுப்பட்டவர் இல்லை. வேர்க்க வேர்க்க, குழந்தை சிணுங்கும்போது ச்சு கொட்டிவிட்டு, விட்ட இடத்தைப் பிடித்துப் பிடித்து, அந்தப் பக்கத்தின் கடைசி வரி வரைக்கும் வாசித்தே முடித்தார்.

“முடிஞ்சுதா சார்?”

“முடிஞ்சுதும்மா.”

“சரி. உங்க கணக்குப்படி இவ்வளவு நேரம் நீங்க பிள்ளையை மட்டும்தான் பாத்தீங்க. ஒரு வரிகூட வாசிக்கல. அப்படியே எழுதிக்கிடட்டுமா?”

“வாசிச்சேனேம்மா!” என்றார் சார். அவ்வளவு சாதுவான மனிதரின் குரலில் நிஜமாகவே கோபம் இருந்தது.

அக்கா அப்போதுதான் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார்.